சோடி

பஞ்சிகாவத்தையில்
ஒற்றை ஸ்பீக்கர் விற்கமாட்டார்கள்.
ஒற்றைச் செருப்புக் கேட்டவனைப் பார்ப்பதுபோல்
நஸ்மீர் என்னைப் பார்த்தான்.
"சோடியை உடைக்க ஏலாது அண்ணன்.
மற்றதை நான் ஆருக்கு விக்கிறது?"

ஏழு வயதில் வந்த கூகைக்கட்டு
போகும்போது என் வலது காதையும் கொண்டுபோனதைக்
கடைவாசலில் நின்று சொல்லலாமா?
சொன்னேன்.
தலையை ஆட்டினான்.
ஆட்டிக்கொண்டே இரண்டையும் பெட்டியிலிருந்து எடுத்தான்.
ஆறரை அங்குலம். மஞ்சள் கூம்பு.
பெட்டியில் போட்டிருக்கும் வாட்ஸை
நம்பவேண்டாம் என்று அவனே சொன்னான்.

முதலில் கதவை உரிக்கவேண்டும்.
கைப்பிடிக் குழிக்குள் ஒளிந்த ஒரு திருகாணி.
கண்ணாடி சுற்றும் பிடிக்கு அடியில்
குதிரைலாடம்போல் ஒரு கம்பி.
பழந்துணியைப் பின்னால் கொடுத்து
இப்படியும் அப்படியும் இழுத்தால்
அது துள்ளி எங்கேயாவது விழும்,
தேட லசித இருக்கிறான்.
பிறகு கிளிப்புகள்.
பதினொன்றில் மூன்று உடைந்தன.
"உடையத்தான் செய்திருக்கு" என்றான் நஸ்மீர்,
சட்டைப்பையிலிருந்து மூன்றை எடுத்துக்கொண்டே.

உள்ளே தகரம். தாரில் ஒட்டிய பிளாஸ்டிக் தாள்.
அதன் பின்னால்
மழை இறங்கிப்போகும் வழி.
பதினாறு வருடம் இந்தக் கதவைச் சாத்தியிருக்கிறேன்,
ஒவ்வொரு மழையும் இதற்குள்ளால் நடந்துபோனது
எனக்குத் தெரியாது.

பழைய ஸ்பீக்கரின் கடதாசி
அவன் உள்ளங்கையில் அப்பளமாய் நொறுங்கியது.
துளை போதாது.
ஒட்டுப்பலகையில் வளையம் வெட்டினார்கள்.
காந்தம் ஆழம்.
"கண்ணாடியை இறக்குங்க... மெதுவா... மெதுவா..."
ஒரு நூல் இடைவெளியில் தப்பியது.

அதன்பிறகு
சுவர்க்கடிகாரத்தைக் கழற்றி
அதன் பேட்டரியை எடுத்தான்.
கடையில் நாலு பத்தோடு நேரம் நின்றது.
வயரின் இரண்டு நுனியையும் பேட்டரியில் தொட்டான்.
இடது கதவின் கூம்பு
விக்கல்போல் வெளியே எழும்பியது.
வலது, உள்ளே இழுத்தது.

"பாத்தீங்களா, வயர் மாறியிருக்கு.
ஒண்டு தள்ளக்குள்ள மற்றது இழுத்தா
ரெண்டும் பாடும்தான்.
பேஸ் மட்டும் செத்துப்போகும்."

கேட்காத பக்கம்தானே, விடு
என்று சொல்ல வாய் வந்தது.
அவன் ஏற்கெனவே ஈயம் உருக்கிக்கொண்டிருந்தான்.

புஞ்சி பொரளைச் சிவப்பு விளக்கில்
வலப்பக்கத்து ஆட்டோக்காரன்
என் கதவைப் பார்த்துத் தலையாட்டினான்.
அவனுக்கு ஏதோ கிடைத்துக்கொண்டிருந்தது.
எனக்கு அந்தப் பக்கம் எப்போதும்போல் சுவர்.
ஆனால் கதவில் ஊன்றிய முழங்கையில்
மிருதங்கம் வந்தது.
எலும்பு வழியாக,
தோள்வரை,
தொப்பியின் ஒவ்வொரு அடியும் தனித்தனியாக.

பம்பலப்பிட்டியில் சுகிர்தா ஏறினாள்.
கல்யாண வீடோ, பஸ் சீட்டோ, கட்டிலோ,
கேட்காமலே என் இடப்பக்கம் போய்விடுகிறவள்.
இப்போது அவள் முழங்காலருகே
நஸ்மீரின் மஞ்சள் கூம்பு.
அவள் ஏதோ சொன்னாள்.
நான் சரணத்தைக் கேட்டேன்.
திரும்பச் சொன்னாள்.
திரும்பவும் சரணம்.

"இவ்வளவு காசு குடுத்து
என்னை மூடிவைச்சிருக்கிறியள்" என்று
(உதட்டைப் பார்த்துத்தான் அறிந்தேன்)
செட்டில் எதையோ அழுத்தி
பாட்டு முழுவதையும் வலது கதவுக்குத் தள்ளினாள்.

மரைன் டிரைவில்
வெள்ளவத்தைக்குப் போகும்போது
கடலும் வலப்பக்கம்.
வரும்போது அலை அடிக்கும், போகும்போது அது படம்.
இன்றைக்குப் படத்தோடு பாட்டும் சேர்ந்துகொண்டது.
இடப்பக்கத்தில் அலுவலக லிஃப்ட் மறுபடி நின்ற கதை,
அறக்குளா மீனின் விலை,
ஒரு சொல் தவறாமல்.

வளைவில் டாஷ்போர்டில் ஏதோ உருண்டு
அவள் மடியில் விழுந்தது.
"இதென்ன பேட்டரி?"

பஞ்சிகாவத்தையில்
இன்னும் நாலு பத்து.